முக்கால் வாளித் தண்ணீர்

தாழ்மை எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. வருவதுபோல் காட்டிக்கொள்ளத் தெரியும், அவ்வளவுதான்.

எங்கள் ராஜபாளையம் கிறிஸ்தவக் கோயிலில் திருவிருந்து மேசைக்கு மேலே விரிக்கும் வெள்ளைத் துணியையும், திராட்சரசப் பாத்திரத்தை மூடும் துணியையும் பத்தொன்பது வருடங்களாகத் துவைப்பது நான்தான். சனிக்கிழமை காலையில் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் துவைகல்லில் துவைத்துக் காயப்போடுவேன். சாயங்காலம் இஸ்திரி போட்டு விரித்துவிட்டு வருவேன். யாராவது பாராட்டினால் "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று சொல்லத் தயாராகவே இருந்தேன். ஒருவரும் பாராட்டாததால் அதைச் சொல்ல வாய்ப்பே கிடைக்கவில்லை.

என் வீட்டுக்காரரின் அக்கா, ஸ்ரீவில்லிபுத்தூர் மதினி, ஒருமுறை கேட்டார்: "ஏட்டி, கோயில்லயும் போய் நீ துணிதான் தொவைக்கியா? வேற ஒண்ணும் குடுக்க மாட்டாகளா?" அந்தக் கேள்வி பல வருடம் என் தொண்டையில் மீன்முள்ளாகக் கிடந்தது.

எனக்கு இன்னொரு குறையும் உண்டு. துவைகல் பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர் எப்போதும் தயாராக இருக்கும். மணியடித்து, கோயிலைப் பெருக்கி, கதவைத் திறந்து பூட்டும் கோயில்குட்டியார் எடுத்து வைப்பது. ஆனால் இரண்டு வாளியும் முக்கால்தான் நிறைந்திருக்கும். "அந்தக் கால் வாளிய நெறைக்க எம்புட்டு நேரம் ஆயிரும்?" என்று அவரிடம் சத்தம் போடுவேன். எதற்கும் "சரிம்மா" என்பதுதான் அவர் பதில். மறுவாரமும் முக்கால்தான். இருந்தாலும் பெரிய மனதோடு கிறிஸ்துமஸுக்கு ஒரு கேக்கும் ஒரு வேட்டியும் கொடுத்துவிடுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் புதிதாக வந்த போதகர் ஐயா ஓர் அறிவிப்புக் கொடுத்தார். கோயிலைக் கட்டிப் பிரதிஷ்டை செய்த நாளைக் கொண்டாடும் பிரதிஷ்டைப் பண்டிகையன்று, யாருக்கும் தெரியாமல் ஊழியம் செய்கிற ஒருவருக்குப் பொன்னாடை. யாரென்று நாமே சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும்.

யாருக்கும் தெரியாமல் செய்வதை எல்லாருக்கும் தெரியும்படி செய்ய வேண்டிய அவசியம் அன்றுதான் எங்கள் சபைக்கு வந்தது. ஐயாவின் பைக் சத்தம் கேட்டாலே விளக்குமாற்றுக்கு அடிதடி. வாசலில் கிடக்கும் செருப்புகளை ஒருவர் ஜோடி ஜோடியாக அடுக்குவார்; அடுத்தவர் வந்து கலைத்துவிட்டுத் தன் கையால் அடுக்குவார். கமிட்டி அங்கத்தினர் ஒருவர் பெஞ்சு துடைக்கும் போட்டோ வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. கீழே, "யாரும் பார்க்காத நேரத்தில்." அப்படியானால் போட்டோவை எடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் என்னையும் கேட்பார்களே. நான் துணி காயப்போடும் கொடியை அவிழ்த்து, ஐயா வீட்டு ஜன்னலுக்கு நேரே கட்டியிருந்தேன். நான் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனியில் எங்கள் சபைப் பெண்கள் பதினோரு பேர். "எம்பேர எழுதிராதீங்க, எனக்கு வெக்கமா இருக்கும்" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி வைத்தேன். புத்திசாலிகள், புரிந்துகொண்டார்கள்.

பண்டிகைக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஐயாவின் மனைவி, போதகர் அம்மா, போன் செய்தார். "ஞாயித்துக்கிழம முன் வரிசையில உக்காருங்க, என்ன?" எனக்குத் தலைகால் புரியவில்லை.

சனிக்கிழமை காலையில் துணிகளைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்தேன். ஊறுவதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், மதினி தெருத் தையல்காரரிடம் பட்டு ஜாக்கெட்டை வாங்கிவிட்டு, மதினியையும் பண்டிகைக்குக் கூப்பிட்டுவிட்டு, செத்த நேரத்தில் திரும்பிவிடலாம் என்று டவுன் பஸ் ஏறினேன். ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்கவில்லை. மதினி சாப்பிடாமல் விடவில்லை. வீடு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிட்டது. ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, பொன்னாடை போர்த்தும்போது தலையை எவ்வளவு குனிய வேண்டும் என்று பழகினேன். மில்லிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் பீரோவில் எதையோ குடைந்தார், வெளியே போனார், வந்தார். நான் குனிவதில் மும்முரமாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லித் துணியைக் காணோம். எங்கள் ஊரில் பாதி வீடுகளில் இட்லித் துணி என்பது பேண்டேஜ் துணிதான். கம்பெனியில் வெட்டி மிஞ்சிய நல்ல பெரிய துண்டுகளைக் கொண்டுவந்து, பண்டிகைக்கென்றே ஓரத்தில் நீல நூலால் மடித்துத் தைத்துப் புதிதாக இரண்டு பீரோவில் வைத்திருந்தேன். "நீங்கதான சைக்கிள் தொடைக்க எடுத்தீக?" என்று பிடித்துக்கொண்டேன். மனிதர் தோசைக்குச் சட்னி கேட்டார். தோசையைத் தின்றுவிட்டு எனக்கு முன்னால் கிளம்பிவிட்டார். அவருக்குக் கோயிலில் கடைசி பெஞ்சுதான். தூங்க வசதி என்று நான் சொல்வேன்.

பட்டுச்சேலை சரசரக்க முன் வரிசையில் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் பால்கோவா பொட்டலத்தோடு மதினி. பாடகர் குழு எழுந்தது. போதகர் ஐயா மேசையை நோக்கி நடந்தார். அப்போதுதான் எனக்கு வாளி ஞாபகம் வந்தது.

நேற்றுக் காலையில் ஊறவைத்த துணி! பத்தொன்பது வருடத்தில் ஒருநாளும் தவறாதவள், இந்த ஒருநாள் பார்த்து! வெறும் மேசையை எதிர்பார்த்து நிமிர்ந்தேன். வெள்ளை வெளேரென்று துணி விரித்திருந்தது. பாத்திரமும் மூடியிருந்தது. ஓரத்தில் நீல நூல்.

என் இட்லித் துணி.

ஆராதனை முழுக்க நான் ஜெபித்தது ஒன்றுதான்: ஆண்டவரே, பொன்னாடை வேறு யாருக்காவது போகட்டும். கேட்கப்படவில்லை. "இன்றைக்கு இந்த மேசையைப் பாருங்கள், எவ்வளவு வெண்மை! யார் கையென்று நமக்குத் தெரியுமா?" என்று ஐயா என் பெயரைச் சொன்னார். பதினோரு பேரும் முதலில் கை தட்டினார்கள். பொன்னாடை விழுந்தது. பழகி வைத்ததில் பாதி கூடக் குனிய வரவில்லை. மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

கும்பிட்டுவிட்டு இறங்கியிருக்கலாம். கடைசி பெஞ்சில் என் வீட்டுக்காரர் எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டேன். அதற்குமேல் முடியவில்லை.

"நான் நேத்துத் துணி தொவைக்கவே இல்ல, ஐயா. மேசையில கெடக்கது எங்க வீட்டு இட்லித் துணி" என்றேன்.

ஐயா குரல் தழுதழுக்கச் சொன்னார்: "பாருங்க சபையாரே! தன் வீட்டுத் துணியையே ஆண்டவருக்குக் குடுத்துட்டு, அதையும் குற்றம் மாதிரி சொல்றாங்க!" கைதட்டல் கூரையைத் தொட்டது.

"இல்லய்யா, நான் விரிக்கல. எங்க வீட்டுக்காரர் விரிச்சிருக்காரு."

"பெருமைய வீட்டுக்காரருக்கே விட்டுக் குடுக்குறாங்க!"

இன்னும் வாயைத் திறந்தால் இரண்டாவது பொன்னாடை வந்துவிடும் போலிருந்தது. கடைசி பெஞ்சைக் கை காட்டினேன். அது காலியாக இருந்தது. மதினி மூக்கைச் சிந்திக்கொண்டே, "எங்க தம்பிக்கு வாய்ச்சவ தங்கம்ல!" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பல வருடமாகக் காத்திருந்த வார்த்தை. கேட்கச் சகிக்கவில்லை.

ஆராதனை முடிந்து பின்புறம் போனேன். அசனச் சாப்பாட்டுப் பந்தி தொடங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிப்போட்டுச் சாம்பார் வாளியோடு நின்றார். நான் மாற்றிக் கட்டிய கொடியில் என் துணிகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன.

"ஏங்க, இதெல்லாம் என்ன?"

"நேத்து ஷிப்டு முடிஞ்சு வாரப்ப எட்டிப் பாத்தேன். துணி வாளியிலேயே கெடந்துச்சு. அலசிப் போட்டேன், மழத் தூத்தல்ல காயல. அதான் இட்லித் துணி. இதுக்குப் போயி மைக்ல பொலம்புனியாக்கும்?"

"ஷிப்டு முடிஞ்சா நேரா வீட்டுக்கு வாரவரு, இங்க எதுக்கு வந்தீங்க?"

"வாளியக் கவுத்து வைக்க. காலையில ஷிப்டுக்குப் போறப்ப நான்தான தண்ணி எடுத்து வைக்கேன்?"

நான் திரும்பி, பந்தியில் இருந்த கோயில்குட்டியாரைப் பார்த்தேன். "அப்ப நீங்க இல்லியா?"

"நான் எங்கம்மா? எனக்கு நடுமுதுகு வலில்லா?"

"அப்ப வருசா வருசம் கேக்கும் வேட்டியும் வாங்குனீங்களே?"

"பண்டிகைக்குத் தாறீகன்னு நெனச்சேன்" என்று அவர் அப்பளத்தை நொறுக்கினார். பத்தொன்பது வருடமாக என் திட்டுக்கெல்லாம் "சரிம்மா" என்று சொன்னவர்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் வீட்டுக்காரர்மேலேயே காட்டினேன். "எடுத்து வைக்கதுதான் வைக்கீங்க, முழுசா நெறைச்சு வைக்கக் கூடாதா? எத்தன வருசமாக் கத்துறேன்!"

அவர் அடுத்த இலைக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"முழுசா இருந்தா நீ தூக்குறப்பத் தளும்பும். பாசி புடிச்ச தரை, வழுக்கிரும்லா."

பந்தியில் யாரோ ரசம் கேட்டார்கள். பொன்னாடையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ரச வாளியை நான் எடுத்தேன். கண்ணீர் மறைத்ததால் முதல் இலையில் ரசத்தைச் சோற்றுக்குப் பதில் பாயசத்தில் ஊற்றிவிட்டேன். இலைக்குரியவர் எங்கள் மதினி.

மறு சனிக்கிழமையும் வாளி முக்கால்தான் இருந்தது. நான் யாரிடமும் சத்தம் போடவில்லை.