கால்மிதி சொன்ன கடல்வழி

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் வீட்டுக்காரரின் புளுகு பத்தொன்பது வருஷம் தாக்குப்பிடித்தது. அத்தனை வருஷமும் அதைக் கட்டிக் காத்தவள் நான். ஆகவே அது உடைந்த கதையைச் சொல்லும் உரிமையும் எனக்குத்தான்.

அவருக்கு வாட்டர் சர்வீஸ் கடையில் வேலை. காரின் மேல்புறம் கழுவுவது வேறு ஆள். உள்ளே சுத்தம் செய்வது இவர். நான்கு கதவையும் திறந்துபோட்டு வேக்குவம் குழாயோடு குனிந்தாரென்றால் இருக்கைக்கு அடியில் தலை, வெளியே இரண்டு கால் மட்டும் தெரியும். மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தால் ஊரே கடலுக்குக் கிளம்பிவிடும். ஆறு மணி நேர ஓட்டம். திரும்பி வந்த கார்களெல்லாம் இவர் முன்னால் வரிசை கட்டி நிற்கும். ஊர் போகிற நாளில் இவருக்கு லீவு கிடையாது. இவருக்கு லீவு கிடைக்கிற நாளில் ஆஸ்பத்திரி டோக்கன் கவுண்டரில் எனக்கு லீவு கிடையாது. ஆக, கடலை இவர் பார்த்ததில்லை. நானும்தான்.

ஆனால் குப்பையைப் பார்த்தார். மனுஷனுக்கு அப்படியொரு குறுகுறுப்பு. கால்மிதியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, சிவப்பு மண் எங்கே ஒட்டியது, இந்த வெள்ளைப் பொடி எந்த மலையுடையது, சாம்பல் நிற இறகு எந்தப் பறவை போட்டது என்று ஆராய்வார். கார்க்காரரிடமே கேட்டும்விடுவார். "அந்தப் பாலத்துக்குக் கீழ இறங்கினோம்" என்று அவர்கள் ஏதாவது சொல்வார்கள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் எனக்கு அதுதான் தொட்டுக்கொள்ள. சமையலறை ஜன்னல் விளிம்பு முழுக்க என் ஆஸ்பத்திரி மருந்து பாட்டில்களில் அந்த மண்ணும் விதையும்தான். தூக்கிப் போடப் போனால், "ஏய், அது பாலத்தடி மண்!" என்று பாய்ந்து வருவார்.

ஒருநாள் ஒரு வெள்ளைக் கார்க்காரர், "இவ்வளவு சொல்றீங்களே, அடிக்கடி போவீங்களோ?" என்று கேட்டாராம். "போகாம? எத்தனை தடவை!" என்று இவர் வாய் முந்திக்கொண்டது. தவளை தன் வாயால் கெடும். அதற்கப்புறம் கடலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் இவரிடம் யோசனை கேட்டுவிட்டுத்தான் போனார்கள். ஆளுக்கு ஓர் இடம் சொல்வார். போய் வந்து, "பிரமாதம்!" என்பார்கள். கடையில் அவருக்கு 'ரூட்டுக்காரர்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. எங்கள் மகளும் நம்பிவிட்டாள். சின்னதில், "அலை எப்படிப்பா இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே தூங்குவாள். கேட்டதையும் கூட்டிப் பெருக்கியதையும் கலந்து அவர் கதை கதையாகச் சொல்வார். "எங்கப்பா கடல் பார்த்தவர்" என்று அவள் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டு வருவாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும், தப்புதான்.

அந்த மகளுக்குப் போன வருஷம் கல்யாணம் ஆனது. சம்பந்தி நிலம் அளக்கும் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருமுனைக் கடைக்கு எத்தனை அடி என்று சொல்லக்கூடிய ஆள். நாலாவது மாதம் வீட்டுக்கு வந்தவர், "எல்லாருமா ஒரு வேன் எடுத்துட்டுக் கடலுக்குப் போயிட்டு வரலாம். வழிக்கு நம்ம சம்பந்தி இருக்காரே, அப்புறம் என்ன கவலை!" என்றார்.

அவர் போன பிறகு இவரைப் பிடித்துக்கொண்டேன். "உண்மையைச் சொல்லிடுங்க. பொய்யிலயே குடும்பம் நடத்துறவங்கன்னு நாளைக்கு நம்ம பொண்ணை ஒரு வார்த்தை சொல்லிட்டா, அவ முகத்துல எப்படி முழிப்பீங்க?"

"இடமெல்லாம் எனக்கு அத்துப்படி. வரிசைதானே தெரியணும்? அதுக்குத்தான் கால்மிதி இருக்கே. அடியில கிடக்கிறது முதல்ல இறங்கின இடம், மேல கிடக்கிறது கடைசியா இறங்கின இடம். இதுல என்ன தப்பு வரும்?"

எனக்கும் சரியாகத்தான் பட்டது. ஒரு வாரம் எல்லாக் கார்களிலும் சரிபார்த்து ஒரு தாளில் எழுதினார். ஒன்று, பறவை ஏரி. இரண்டு, வெள்ளைப் பாறை. மூன்று, பாலத்தடிச் செம்மண் ஓடை. நான்கு, முள்செடி மேடு. நாலாவதற்குக் கீழே கோடு போட்டு, 'எல்லாக் காரும் நிற்கும் இடம், கட்டாயம் பார்க்க வேண்டும்' என்று குறித்திருந்தார். அந்த முள்விதை எல்லாக் காரிலும் இருந்ததாம். என்ன ஆச்சரியமோ, ஓட்டுகிறவர் பக்கத்துக் கால்மிதியில்தான் ரொம்ப அதிகமாம்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். மாப்பிள்ளை ஓட்ட, இவர் பக்கத்தில் தாளோடு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். போனை எடுத்த மாப்பிள்ளையிடம், "போன் போற வழியைத்தான் காட்டும், நிக்க வேண்டிய இடத்தைக் காட்டுமா?" என்று வேறு கேட்டார்.

ஒரு மணி நேரத்தில் சாலையோரம் ஏழெட்டுக் கார்கள் நின்றன. ஒரு மேடு, அது நிறைய முள்செடி. "மாமா, அங்க பாருங்க, நாலஞ்சு பேர் வரிசையா நின்னு எதையோ பார்க்கிறாங்க" என்றார் மாப்பிள்ளை. நான் எட்டிப் பார்த்தேன். அத்தனை பேரும் ஆண்கள், அத்தனை பேரும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். கட்டாயம் பார்க்க வேண்டிய இடமாம், என் தலையெழுத்து! இவரோ தாளைப் பார்த்துவிட்டு, "இது நம்ம இடமா இருக்காது. நமக்கு முதல்ல ஏரி, நீங்க விடுங்க" என்றார்.

ஏரி வரவில்லை. சம்பந்தியம்மா என் காதருகே, "முதல் நிறுத்தம் எப்பங்க வரும்?" என்றார். "இதோ வந்துடும்" என்றேன். அரை மணி கழித்து மறுபடி கேட்டார், இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு. அந்த நேரம் பார்த்து ஒரு பாலம் வந்தது. கீழே ஓடை, ஓடையெல்லாம் செக்கச்செவேலென்ற மண். இவர் முகத்தில் ஈயாடவில்லை. மூன்றாவது இடம் முதலில் வந்து நின்றால் பாவம் என்ன செய்வார்? வேன் பாலத்தைத் தாண்டியும் போய்விட்டது.

பின்னாலிருந்து சம்பந்தி கையை நீட்டினார். "அந்தப் பேப்பரைக் கொஞ்சம் குடுங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். நான் வேண்டாத தெய்வமில்லை.

"லிஸ்ட்டு சரிதான், ஆனா தலைகீழா இருக்கு. நாலாவது முதல்ல வந்துச்சு, மூணாவது இப்ப வந்துச்சு. இது கடல்லேருந்து வீட்டுக்கு வர்ற வரிசை. ஏன் சம்பந்தி, வந்ததுதான் ஞாபகம் இருக்கா? போனது இல்லையா?"

எனக்கு நாக்கில் சனி. "அவரு போகும்போதெல்லாம் தூங்கிடுவாருங்க, வரும்போதுதான் முழிச்சிருப்பாரு" என்று உளறினேன்.

"வேணாம், விடு" என்றார் இவர். அப்புறம் திரும்பாமலே, கண்ணாடி வழியே சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வந்ததும் இல்லீங்க. நான் கடலைப் பார்த்ததே இல்லை."

சம்பந்தியம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "அதையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். டேய், முதல்ல வண்டியைப் பாலத்துக்குத் திருப்புடா!"

பாலத்தடியில் புதருக்குப் பஞ்சமில்லை. சம்பந்தியம்மா திரும்பி வருவதற்குள் இவர் கால்மிதிக் கதை முழுவதையும் சொல்லி முடித்துவிட்டார். சம்பந்தி முகத்தைக் கடுமையாகத்தான் வைத்திருந்தார். "என்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்? நான் என்ன பரீட்சையா வெச்சேன்?"

"முதல்ல சொன்னது உங்ககிட்ட இல்லீங்க. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி, யாரோ ஒரு வெள்ளைக் கார்க்காரர்கிட்ட. அப்புறம் நிறுத்த இடம் கிடைக்கல."

சம்பந்தி குனிந்து செம்மண்ணைக் கொஞ்சம் விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். சர்வேயர் புத்தி எங்கே போகும்? "அடியில கிடக்கிறது முதல் இடம்னு நீங்க கணக்குப் போட்டது சரிதான். ஆனா கடற்கரையில கிளம்பும்போது எல்லாரும் கால்மிதியை உதறிட்டுத்தானே ஏறுவாங்க? போன வழி மண்ணெல்லாம் அங்கேயே விழுந்துடும். உங்ககிட்ட வந்து சேர்றது திரும்பின வழி மட்டும்தான்."

இவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட ஆமா! போகாதவனுக்கு அது எப்படித் தெரியும்?" சம்பந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. தாளை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "இனிமே கீழேருந்து மேல படிப்போம்" என்றார். படித்தபடியே எல்லாம் வந்தது. வெள்ளைப் பாறை இருந்தது, பொடி எல்லார் செருப்பிலும் ஏறியது. ஏரியும் இருந்தது, அதே சாம்பல் இறகோடு. ஒவ்வொரு இடத்திலும் சம்பந்தி, "இதையும் மண்ணை வெச்சுத்தான் கண்டுபிடிச்சீங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மகள் மட்டும் பேசவில்லை. ஏரிக்கரையில் அவர் நீட்டிய இறகைக்கூட வாங்கவில்லை. "அப்ப எனக்குச் சொன்ன அலையெல்லாம்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். "நானா சொன்னதும்மா" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சம்பந்தி முன்னால் குனிந்த தலை நிமிர்ந்துவிட்டது, மகள் முன்னால் குனிந்தது அப்படியே இருந்தது. அவருக்கு அதுதான் பெரிய அடி. ஒரு பிஸ்கட்கூடத் தொடவில்லை.

கடல் வந்தது. நாங்கள் எல்லாரும் ஓடினோம். இவர் மணலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தண்ணீருக்குப் பத்தடி முன்னாலேயே நின்றுவிட்டார். நின்றவர் நின்றவர்தான். நான் கூப்பிடப் போவதற்குள் மகள் நனைந்த புடவையோடு அவரிடம் போய்விட்டாள்.

"எப்படிப்பா இருக்கு? நீங்க சொன்ன மாதிரியா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எல்லாம் சரியாத்தாம்மா சொல்லியிருக்கேன். சத்தம்தான்... இவ்வளவு சத்தம் இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது. எந்தக் கார்லயும் அது வரலையே."

அவள் அவர் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போனாள். என்னையும்தான் இழுத்தாள். மூன்று பேருக்குமே அதுதான் முதல் தடவை.

பொழுது சாயக் கிளம்பினோம். எல்லாரும் கால் மணலைத் தட்டிவிட்டு ஏறினார்கள். சம்பந்தி கதவைத் திறந்து முன் இருக்கைக் கால்மிதியை உருவி, உதற ஓங்கினார்.

"உதறாதீங்க சம்பந்தி!" என்று கத்திக்கொண்டே இவர் ஓடிவந்தார். "இந்த ஒரு கால்மிதியிலயாவது போன வழியும் இருக்கட்டும்."

சம்பந்தி அதை அலுங்காமல் பழைய இடத்திலேயே வைத்தார்.