‘இதைக் கடைசியா எப்பம் செஞ்சோம்?’ என்று கேட்டவர்

மைதீன் சார் காலமான செய்தி எங்கள் அறுவை அரங்கின் கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் காத்திருந்தது. உள்ளே ஒரு குடலிறக்க அறுவை நடந்துகொண்டிருந்தது. நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்துவிட்டு நான் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். செய்தி தெரிந்த செல்வராணி சிஸ்டர் வாயே திறக்கவில்லை. நோயாளி கண் விழித்து, தன் பெயரைச் சொல்லி, வார்டுக்குப் போன பிறகுதான் என் கையைப் பிடித்துக்கொண்டு, “சார் போயிட்டாங்க டாக்டர்” என்றார். மேசையில் ஆள் இருக்கும்போது வேறு பேச்சு கூடாது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவரே மைதீன் சார்தான். அதை நினைத்ததும் எனக்கு அழுகை அடக்க முடியாமல் வந்தது.

பாளையங்கோட்டையில் அவரிடம் வைத்தியம் பார்த்தவர்களும் திட்டு வாங்கியவர்களும் நிறையப் பேர். இரண்டையும் பெற்றவர்கள் அதைவிட அதிகம். அன்று மாலை அவர் வீட்டு வாசலில் போட்டிருந்த நாற்காலிகளில் அவர்களெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள். பின்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், “தான் வேலை பாத்த ஆஸ்பத்திரிய விட்டுட்டு பெரியாஸ்பத்திரிக்கு எதுக்குவே போனாரு? நல்ல இன்சூரன்ஸ் வேற வச்சிருந்தாரு. இங்கனயே கிடந்திருந்தா பொழச்சிருப்பாரு” என்றார். எனக்குச் சுருக்கென்றது. துக்க வீட்டில் சண்டை போடக்கூடாது என்று பேசாமல் வந்துவிட்டேன். அவருக்கான பதிலை இங்கே எழுதுகிறேன்.

சார் பொது அறுவை மருத்துவர். நான் அவருக்குப் பக்கத்தில் நின்று பல வருடம் மயக்க மருந்து கொடுத்தவள். எங்களுடையது நடுத்தரமான தனியார் மருத்துவமனை. விபத்தில் சிக்கிய யாரைக் கொண்டுவந்தாலும் சார் முதலில் சோதிப்பார், பிறகு எங்களைச் சுற்றிப் பார்த்து ஒரே கேள்வி கேட்பார்: “இதை நாம கடைசியா எப்பம் செஞ்சோம்?” யாருக்கும் உடனே ஞாபகம் வரவில்லையென்றால், ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த முடிந்ததைச் செய்து, ஆளைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். அரசு மருத்துவமனையை எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்வது.

ஏரலிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வாழைத்தார் ஏற்றும்போது பின்னோக்கி வந்த லாரிக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டி இடுப்பெலும்பு நொறுங்கியிருந்தது. கூட வந்த மச்சான், அரசின் காப்பீட்டு அட்டையைக் கையில் உயர்த்திப் பிடித்தபடியே நின்றார். “இந்த அட்டை இங்கன செல்லும்னு கேட்டுட்டுத்தான் கொண்டாந்தோம் டாக்டரே. அங்கன போனா தரையில போட்டுருவாங்க” என்றார்.

“அட்டை இங்கன செல்லும்வே. அங்கனயும் செல்லும். என் கைதான் இதுக்குச் செல்லாது” என்றார் சார். “தரையில போட்டாலும் போடுவாங்க. ஆனா இந்த மாதிரி இடுப்பை அவங்க தினம் பாக்குதாங்க. ரத்தம் அங்கனயே இருக்கு. எலும்புக்கு ஒரு ஆளு, ரத்தக்குழாய்க்கு ஒரு ஆளு நிக்கான். இங்கன எல்லாத்துக்கும் நான் ஒருத்தன்லா இருக்கேன்.”

மச்சான் நம்பாமல்தான் போனார். அந்த ஏரல்காரர் பிழைத்து, பல மாதம் கழித்துத் தடியூன்றி வந்து சாரிடம் சண்டை பிடித்தார். “நெசமாவே தரையிலதான் போட்டாங்க, டாக்டரே!” சார் விழுந்து விழுந்து சிரித்தார்.

எங்கள் மருத்துவமனையின் உரிமையாளர் அரிசி வியாபாரத்திலிருந்து வந்தவர். எல்லோருக்கும் அண்ணாச்சி. அவருக்கு இதெல்லாம் பிடிக்கவே இல்லை. “வாசல் தேடி வாரவனை நீங்களே வெளிய அனுப்புதீங்க. பொறவு காப்பீடு உண்டுன்னு எதுக்கு போர்டு வச்சிருக்கோம்?” என்று என் முன்னாலேயே கேட்டார். “போர்டு இருக்கட்டும் அண்ணாச்சி. பித்தப்பை, குடலிறக்கம், குடல்வால் எல்லாம் நமக்குத் தினப்படி வேலை. அதுக்கு யாரையும் அனுப்ப மாட்டேன்” என்றார் சார்.

அது வாய்ப்பேச்சு இல்லை. ஒரு முறை குடல்வால் வெடித்த ஒரு பெண்ணுக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதல் வரவில்லை, பொறுங்கள் என்று எங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். “ஒப்புதல் வாரது வரைக்கும் சீழ் பொறுத்துக்கிடுமா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அறுவைக்குக் கை கழுவப் போய்விட்டார். ஆக, தெரிந்ததை யாருக்காகவும் தள்ளிப்போட மாட்டார், பழக்கமில்லாததை யாருக்காகவும் தொட மாட்டார். அவருக்கு வந்த பெயர் என்னவோ ‘தள்ளிவிடுகிற டாக்டர்’ என்பதுதான்.

அவர் அனுப்பியவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள் என்று எழுதினால் அவரே எழுந்து வந்து திட்டுவார். புன்னக்காயலில் வள்ளத்தைக் கரையேற்றும்போது அடிபட்ட ஒரு மீனவர், நாங்கள் அனுப்பிய ஆம்புலன்ஸிலேயே வழியில் இறந்துபோனார். அவர் மனைவி மறுநாள் வந்து, “நீங்க தொட்டுக்கூடப் பாக்காம ஏன் அனுப்புனீங்க?” என்று கேட்டார். சார் தொட்டுத்தான் பார்த்திருந்தார். அதைச் சொல்லாமல் தலைகுனிந்து நின்றார். அதன் பிறகும் ‘கடைசியா எப்பம்’ என்று எங்களைக் கேட்பதை அவர் விடவில்லை. ஆனால் அனுப்புகிற ஒவ்வொருவரோடும் தானும் வண்டியில் ஏற ஆரம்பித்தார். நோயாளியின் தலைப்பக்கம் இருக்கும் சின்ன இருக்கைதான் அவர் இடம். காலை நீட்ட முடியாது என்று வழி நெடுகப் புலம்புவார்.

கடைசியில் அவருக்கே அது வந்தது. காலை நடைக்குப் போனவரை ஒரு டெம்போ இடித்துத் தள்ளியது. முகம் தெரிந்த ஆட்டோக்காரர் அள்ளிப்போட்டு எங்களிடமே கொண்டுவந்தார். இடுப்பெலும்பு முறிந்து, வயிறு உப்பிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தார். “இங்கனயே பாப்போம். மெட்ராஸ்லேருந்து ஆளை வரவழைக்கேன். எவ்வளவு ஆனாலும் ஆவட்டும்” என்றார்.

சார் என்னைத்தான் பார்த்தார். “தங்கச்சி, இதை நாம கடைசியா எப்பம் செஞ்சோம்?”

படுக்கை விரிப்பை எடுத்து அவர் இடுப்பை இறுக்கிக் கட்டினேன். இருந்த ரத்தத்தை ஏற்றிக்கொண்டே வண்டியில் ஏறினோம். அந்தச் சின்ன இருக்கையில் நான் உட்கார்ந்தேன், அவர் படுத்திருந்தார். என் மணிக்கட்டை விடவே இல்லை. அவருக்குப் பயமாக இருந்தது. அதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

பெரியாஸ்பத்திரியில் பணியிலிருந்த அறுவை மருத்துவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. பரபரப்பே இல்லாமல் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, அரங்கைத் தயார் செய்யச் சொன்னார். சார் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: “யம்மா, இதை நீங்க கடைசியா எப்பம் செஞ்சீங்க?”

“நேத்து, சார்.”

“அப்பஞ் சரி” என்றார் சார். என் மணிக்கட்டை விட்டார்.

அறுவை நன்றாகவே நடந்தது. ரத்தப்போக்கு நின்றது. துபாயிலிருந்து மகள் வந்து சேர்ந்தாள், அவளோடு பேசினார், சாயா நன்றாக இல்லை என்று குறையும் சொன்னார். அதற்குப் பிறகுதான் நுரையீரலில் தொற்று வந்தது, சர்க்கரை உடம்பு தாங்கவில்லை. பின்வரிசை நாற்காலிக்காரரே, எங்களிடமே இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டீர்கள். அன்று அந்த மேசையில் மயக்க மருந்து கொடுக்க வேண்டியவள் நான்தான். மகள் வரும்வரை அவரை எங்களால் வைத்திருக்க முடிந்திருக்காது. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

சென்ற வாரம் பைக்கிலிருந்து விழுந்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். உறவினர் கையில் அதே அட்டை. சாரின் இடத்துக்கு வந்திருக்கும் புதிய மருத்துவர் சோதித்துவிட்டு யோசனையோடு நின்றார். கேட்க வேண்டியது நான்தான் என்று வாயைத் திறந்தேன். அதற்குள், கதவோரம் நின்றிருந்த அண்ணாச்சி என்னைப் பார்த்து மெல்லக் கேட்டார்: “ஏம்மா, இதை நாம கடைசியா எப்பம் செஞ்சோம்?”

யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வண்டியை எடுக்கச் சொன்னோம்.

சாரின் கேள்வியை அண்ணாச்சி எடுத்துக்கொண்டார். எனக்கு மிச்சம் இருந்தது அந்தச் சின்ன இருக்கை. ஏறி உட்கார்ந்தேன். சார் சொன்னது உண்மைதான், காலை நீட்டவே முடியவில்லை.