பாக்கலாமுங்க

நைரோபிக்கு வந்து பத்து வருஷம் ஆகிவிட்டது, 'ஹபானா' என்ற சொல் மட்டும் இன்னும் காதுக்குப் பழகவில்லை. இல்லை, முடியாது என்று அர்த்தம். காலையில் பால்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை சிரித்த முகத்தோடு பட்டென்று சொல்லிவிடுகிறார்கள். எங்கள் அன்னூர்ப் பக்கம் இப்படி முகத்துக்கு நேரே சொன்னால் ஒரு வருஷம் பேச்சுவார்த்தை இருக்காது. நாங்கள் 'பாக்கலாமுங்க' என்போம். அதற்கு முடியாது என்று அர்த்தம். 'பாத்துக்கலாமுங்க' என்றால் காரியம் முடிந்த மாதிரி. இந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் சாமி என் பிழைப்பே ஓடுகிறது.

கோயமுத்தூர் கணபதியில் என் மனைவியின் அண்ணன் பழனிசாமி பட்டறை வைத்து மோட்டார் பம்பு செய்கிறார். அதை நான் இங்கே விற்கிறேன். இந்த ஊரில் குஜராத்திக்காரர்களுக்குத் தெருவுக்குத் தெரு மாமன் மச்சான் உண்டு, வாய்ச்சொல்லிலேயே சரக்கு கப்பலேறும். எங்கள் பம்புக்கு நான் ஒருத்தன்தான். வந்த புதிதில், நக்குருவில் கடை வைத்திருக்கும் முவாங்கி மழைக்கு முன்னால் பம்பு வருமா என்று கேட்டார். மச்சானிடம் போன் போட்டேன். அவர் 'பாக்கலாமுங்க' என்றதை அப்படியே 'வீ வில் ஸீ' என்று இவரிடம் சொன்னேன். மனுஷன் அதை நம்பி விவசாயிகளுக்கெல்லாம் வாக்குக் கொடுத்துவிட்டார். பம்பு வரவில்லை. கோபம் தணிந்ததும் எங்கள் பேச்சின் சூட்சுமத்தைச் சொல்லிக்கொடுத்தேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

இந்தத் தடவை ஊருக்குப் போனபோது ஒரு முடிவோடுதான் போனேன். போதும்டா சாமி என்றாகிவிட்டது. மச்சான் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, ஊரோடு வந்துவிடுகிறேன், பட்டறையில் கூட நிற்கிறேன் என்றேன். பக்கத்தில் என் மனைவி பரிமாறிக்கொண்டிருந்தாள். அவர் எனக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நீங்க அங்க இருக்கறதுனாலதானுங்க மாப்ள நம்ம பம்பு கடல் தாண்டுது. நீங்களும் இங்க வந்துபோட்டா அங்க நமக்கு யாருங்க? பாக்கலாமுங்க."

எவ்வளவு மரியாதை! ரசத்தைக் குடித்துவிட்டுக் கை கழுவ எழுந்தேன்.

நைரோபிக்குத் திரும்பி வந்த வாரமே முவாங்கி என் கடைக்கு வந்தார். ஊருக்கே போய்விடப் போகிறீர்கள் என்றார்களே, நிஜமா என்று கவலையோடு கேட்டார்.

"வீ வில் ஸீ" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியென்றால் இங்கேயேதான் இருக்கப்போகிறீர்கள்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.