பாவல் பந்தலும் கறையானும்

மூன்று வாரத்துக்கு முந்தி ஒரு சனிக்கிழமை. கையில் பெரிய கத்தரிக்கோலோடு வீட்டுப் பின்வளவில் நின்றேன். வெட்டப் போனது என் மனைவி சாந்தியின் பாவல் பந்தலை, அதாவது பாகற்கொடிப் பந்தலை!

காரணம் இருக்கிறது. மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டுக்குக் கறையான் வந்துவிட்டது. இந்தக் குளிர் தேசத்திலும் கறையானா? நிலத்துக்குக் கீழே அது சுகமாகத்தான் இருக்கிறதாம். அந்த வீட்டுக்காரர் பேஸ்மென்டில் ஒரு மரச்சட்டத்தைக் குத்திக் காட்டினார். ஸ்க்ரூட்ரைவர் பிடிவரை உள்ளே போனது.

சுவரை ஒட்டிச் செடி வைத்தால் ஈரம் நிற்கும், ஈரத்தைத் தேடிக் கறையான் வரும் என்று எங்கோ வாசித்தேன். உடனே குற்றவாளியைப் பிடித்துவிட்டேன்!

சாந்தி பந்தலைத் தென்புறச் சுவரோடு சும்மா போடவில்லை. செங்கல் பகல் முழுக்கச் சூடு பிடித்து வைத்திருக்கும். இங்கத்தைய குட்டிக் கோடையில் அந்தச் சூடு இல்லாமல் பாவல் காய்க்காது. அன்றைக்குப் பந்தல் நிறையப் பூவும் பிஞ்சும்.

அவள் சண்டை பிடிக்கவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

"விசயம் தெரிஞ்ச ஒராளைக் கூப்பிட்டுக் காட்டிப்போட்டு வெட்டுங்கோ."

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். செவ்வாய்க்கிழமை கறையான் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் வந்தார். டோர்ச் அடித்துப் பந்தலைப் பார்த்தார். கால்கள் இரும்புக் குழாய் — பிரச்சினை இல்லை. சுவரில் படுகிற இலையைக் கழித்துவிடுங்கள், அடுத்த வருசம் கொஞ்சம் தள்ளி நடுங்கள் என்றார்.

பிறகு வீட்டின் முன்பக்கம் போனார்... நின்றார்.

அங்கே இருந்தது என் கைவண்ணம். களை வராமல் இருக்க, அத்திவாரமே தெரியாதபடி மரச்சீவலைக் குவித்து, பழைய டெக் மேடைப் பலகைகளை வரம்பாகப் புதைத்திருந்தேன். அவர் காலால் கிளறினார். கீழே சொதசொதவென்று ஈரம். கறையானுக்குச் சாப்பாடும் தண்ணீரும் ஒரே இடத்தில் வைத்திருக்கிறீர்கள் என்றார், சிரிக்காமல். நல்லகாலம், விருந்தாளி இன்னும் வந்து சேரவில்லை.

"உந்தச் சீவலைக் கொட்டேக்கையே சொன்னனான், சுவரில முட்டாமப் போடுங்கோ எண்டு," என்றாள் சாந்தி.

சொன்னாளா? யோசித்தேன். சொன்னாள்தான். வெட்கமாகப் போய்விட்டது.

இரண்டு வார இறுதிகள் மண்வெட்டியோடு போயின. மரச்சீவலும் பலகையும் அகன்றன. இப்போது வீட்டைச் சுற்றி ஒரு சாண் அத்திவாரம் வெளியே தெரிகிறது, அதன் அடியில் சரளைக்கல். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாயை நீட்டித் தூர விட்டிருக்கிறேன். முதுகு வலிக்கிறது. ஆனாலும் நிம்மதி.

நேற்று முதலாவது காய் பிடுங்கினோம். சாந்தி மொன்றியலில் இருக்கும் தங்கச்சிக்குப் போன் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, என்னிடம் நீட்டினாள்.

"அத்தான் உனக்கொரு கதை சொல்லவேணுமாம்."

ஒன்றும் விடாமல் சொன்னேன்.

கல் பரப்ப இரண்டு வார இறுதி. "பிழை என்ரதான்" என்று சொல்ல அரை நிமிடம். எது கஷ்டமாக இருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்!