அம்மா பிடித்துக்கொண்ட குழல்

எழுதலாமா வேண்டாமா என்று இத்தனை வருஷம் தயங்கிவிட்டேன். இன்று காலை பீங்கான் கோப்பையில் கரண்டி பட்டு எழுந்த ஒலிதான் என்னை எழுத உட்காரவைத்தது.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில், சூளையிலிருந்து வரும் கோப்பைகளை விரலால் சுண்டி, மணிபோல் ஒலித்தால் நல்லது, மந்தமாக ஒலித்தால் கீறல் என்று பிரித்துவைப்பது அம்மாவின் வேலை. எங்கள் வீட்டுக்கு அந்த ஒரு சம்பளம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து வீட்டு சரசு சித்தியின் ரேடியோவில், பிடிலும் குழலும் முரசுமாக எத்தனையோ வாத்தியங்கள் சேர்ந்து முழங்கும் வெள்ளைக்காரர் இசை வரும்.

"என்னக்கா இது, சந்தக்கடையாட்டம் இருக்குது!" என்பாள் சித்தி.

"பட்டறைக் கொட்டாயில முப்பது பேரு தட்டுறப்ப என் கோப்பைய மட்டும் நான் கேக்கல? அந்தக் குழலப் புடிச்சுக்க சரசு, மத்ததெல்லாம் அது பின்னாலயே வரும்."

அப்படித்தான் நாங்கள் அந்த இசையைக் கேட்கப் பழகினோம்.

ஒரு ஞாயிறு அம்மா, "குழலு நின்னுபோச்சே?" என்றாள்.

"நிக்கலியே, காதக் கிழிக்குது! தூங்குறியாக்கா?" என்று சித்தி சிரித்தாள்.

அம்மா சிரிக்கவில்லை. ஒரு கோப்பையை எடுத்துக் காதருகே சுண்டினாள், மறுபடியும் சுண்டினாள்.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு போய் மேஸ்திரி முன் நின்றாள். "எனக்கு மெல்லிசு சத்தம் கேக்கலைங்க. கீறல் கோப்பை தப்பிப்போயி, எந்தப் புள்ள கையிலயாவது கொதிக்கக் கொதிக்க ஒடஞ்சா சாமிக்கு நான் என்னங்க சொல்றது?"

அன்றோடு அந்த வேலை போயிற்று. செவிடு என்று விரட்டிவிட்டார்கள் என்றது ஊர். எங்கள் ஊர்ச் சாமி பழமலைநாதர் அறிய, அவளாகத்தான் போய்ச் சொன்னாள். இதை யாருக்காவது சொன்னால், அதை மட்டும் மாற்றாமல் சொல்லுங்கள்.