முதல் வரிசை, ஏழாம் எண்

மாதம் ஒரு நாடகமாவது பார்த்துவிடுகிறேன். நேற்று சென்னை அரங்கில் கூடுதல் இருக்கைக்காக ஓர் இரும்பு மடக்கு நாற்காலியை விரித்தார்கள். அந்தக் கிறீச்சொலி என்னை அறுபதுகளின் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனது.

அங்கே நாடகம் என்றால் நாற்காலிகளை வீடுகளிலிருந்து இரவல் வாங்குவார்கள். மாறிப்போகாமலிருக்க அடியில் பெயிண்டால் பெயர் எழுதுவோம். கொடுத்தவருக்கு அவருடைய நாற்காலியையே ஒதுக்கி, எண் போட்டு டிக்கெட் தருவது வழக்கம். நாங்கள் குடியிருந்த டெய்ரி ஃபார்ம் பகுதியிலிருந்து எங்கள் மடக்கு நாற்காலியும் போனது.

கப்பலேறி வந்த ஐந்து வருடத்தில் அம்மா பார்க்கப்போகும் முதல் நாடகம் அது. முதல் வரிசை, ஏழாம் எண். போய்ப் பார்த்தால் அதில் அப்பாவின் மேலதிகாரி உட்கார்ந்திருந்தார்.

"சாஹப் உட்கார்ந்தாச்சு, பீச்சே, பின்னாடி போங்கம்மா" என்று பியூன் கடைசி பெஞ்சைக் காட்டினார். அங்கிருந்தால் தூணைத்தான் பார்க்கலாம்.

"விடு சரசு. நாளைக்கு நான் ஆபீஸ் போகணும்" என்றார் அப்பா.

"போங்க, யாரு வேண்டாம்னா?" என்ற அம்மா, அதிகாரியிடம் டிக்கெட்டை நீட்டினாள். "சார், நம்பரும் என்னோடது, நாற்காலியும் என்னோடது. எழுந்து திருப்பிப் பாருங்க."

அவர் எழுந்து திருப்பினார். பச்சைப் பெயிண்டில் இருந்ததைச் சத்தமாகவே படித்தார்: "சரஸ்வதி."

பிறகு சிரித்தார். "உட்காருங்கம்மா" என்று நாற்காலியைத் தன் கையாலேயே விரித்துவைத்து, பெஞ்சுக்கு நடந்தார்.

அன்று திரை விலகுவதற்கு முன்பே கொட்டகை கைதட்டியது. அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு, நிதானமாக உட்கார்ந்தாள்.