தள்ளுபடி வண்டி

கோவில்பட்டியில் அந்தக் கடை வாசலில் 'பேட்டரி வண்டிக்கு அரசு தள்ளுபடி' என்று பேனர் கட்டியிருந்தார்கள். அப்பாவை நாங்கள் அய்யா என்போம். அவருக்கு அதைப் படித்துக் காட்டியவள் நான்தான். காலேஜில் படிக்கிறவள் என்ற மிதப்பில் பெரிய எழுத்தை மட்டும் படித்தேன்.

வண்டி அக்காவுக்கு. சின்ன வயதில் போலியோ வந்து அவளுக்கு ஒரு கால் சூம்பிப்போயிருந்தது. டவுனில் தையல் கம்பெனி வேலை கிடைத்தும், பஸ் நிற்கும் ரோடு வரை நடக்க முடியாமல் பாதி நாள் லீவு. இனிமேல் லீவு போட்டால் வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

எங்கள் கரிசல் பக்கம் தள்ளுபடி என்றால் ஒரே அர்த்தம்தான். கூட்டுறவுச் சங்கத்துப் பயிர்க்கடனை அரசாங்கம் தள்ளிவிடுவது. கடைக்காரர் சொன்னதோ வண்டி விலையில் குறைகிற தொகை. அதைக் கழித்துத்தான் பில் போட்டார்கள், மீதிக்கு ஃபைனான்ஸ். அந்தக் கடனைத்தான் தள்ளப்போகிறார்கள் என்று நம்பி அய்யா கையெழுத்துப் போட்டார்.

பின்னால் இரண்டு சக்கரம் கூடுதலாக வைத்துக் கட்டி, அக்கா வேலைக்குப் போனாள். ஒரு நாள் லீவு இல்லை. முதல் சம்பளத்தை அப்படியே நீட்டினாள்.

"தவணைக்குக் கட்டிருங்கய்யா."

"போடி பைத்தியக்காரி. போன தடவ ஒழுங்காக் கட்டுனவன்லாம் ஏமாந்தான். கட்டாதவனுக்குத்தான் தள்ளுனாவ."

அந்தப் பணம் மிளகாய்க்கு உரமாகப் போனது. பிறகு ஃபைனான்ஸிலிருந்து நோட்டீஸ் வந்தது. படித்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சொன்னால் நான் அரைகுறையாகப் படித்தது வெளியே வந்துவிடும்.

"ஒண்ணுமில்லய்யா, சும்மா அனுப்புதாவ" என்றேன். அடுத்த நோட்டீஸுக்கும் அதையேதான் சொன்னேன். இதை எழுதும்போதும் என் மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஒரு காலையில் அக்கா கிளம்பி வண்டியில் உட்கார்ந்துவிட்டாள். ஃபைனான்ஸ்காரர்கள் இரண்டு பேர் வந்து வண்டியை எடுக்கப்போவதாகச் சொன்னார்கள். அய்யா தள்ளுபடியைப் பற்றிப் பேசினார். அவர்கள் சிரித்துவிட்டார்கள். அய்யா திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா சுவரைப் பிடித்து இறங்கினாள். மாட்டியிருந்த சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, சாவியை அவர்களிடம் நீட்டினாள்.

"சார்ஜ் ஏத்தித்தான் வச்சிருக்கேன் அண்ணாச்சி. வழியில நிக்காது."